திங்கட்கிழமை போகாத கரண்ட்

மார்ச் 4, திங்கள்

பம்பு கம்பெனியில் பதினான்கு வருடம் குப்பை கொட்டியவன் மஞ்சள் வாங்கி விற்கும் இயந்திரம் செய்தால் என்ன ஆகும் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு இன்று காலை சந்தை திறந்ததும் பதில் சொன்னேன். காப்பி ஆறுவதற்குள் முதல் நஷ்டம்.

பிற்காலத்தில் நானே படித்துச் சிரிக்க வசதியாக விவரமாக எழுதிவைக்கிறேன். கோவையில் நான் செய்துகொண்டிருந்தது மோட்டாருக்கான தானியங்கிப் பெட்டிகள். குழாயில் அழுத்தம் ஏறினால் மோட்டாரை நிறுத்தும், இறங்கினால் ஓட்டும், சும்மா ஆடினால் ஆட்டம் அடங்கும்வரை பொறுத்திருக்கும். ஈரோட்டில் சடையப்பண்ணன் மஞ்சள் மண்டிக்கு அப்படியொரு பெட்டி மாட்டப் போனேன். அவர் மேசைமேல் ஒரு திரையில் மஞ்சள் விலை ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருந்தது. முன்பேர வர்த்தகம் என்றார். இரண்டு மாதம் கழித்து வரப்போகும் மஞ்சளுக்கு இன்றைக்கே விலை பேசி வாங்குவது, விலை ஏறினால் விற்றுவிடுவது. மஞ்சளைக் கண்ணால் பார்க்க வேண்டியதே இல்லை. அடடா, இது நம் குழாய் அழுத்தம்தானே என்று எனக்குத் தோன்றியது. அந்த ஒரு 'அடடா'வுக்காக வேலையை விட்டுவிட்டு மூன்று வருடமாக ஈரோட்டில் அப்பா வீட்டு மாடி அறையில் நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சடையப்பண்ணனுக்கும் எனக்கும் ஒப்பந்தம்: மே மாதக் கடைசிவரை அவருடைய கணக்கில் சிறிய அளவில் என் பெட்டி வாங்கி விற்கும். லாபத்தில் நின்றால் அவர் தொழில் முழுவதற்கும் அதையே வைத்துக்கொள்வார், எனக்கு மாதச் சம்பளம். நஷ்டத்தில் நின்றால் ராஜ்கோட்டில் ஒரு பம்பு கம்பெனி ஜூன் மாதம் சேரச் சொல்லிக் காத்திருக்கிறது. நான் போனால் என் மனைவி ரேணுகாவும் கூட்டுறவுச் சங்க வேலையை விட்டுவிட்டு வருவாள். அப்பா வரமாட்டார்.

"போறதுன்னா போ. எனக்கென்ன, ஒத்தையா இருந்துக்குவேன்" என்றார். ஏன் இப்படிச் சத்தமாகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மார்ச் 8, வெள்ளி

நஷ்டம். மதியம் கத்தரிக்காய்க் குழம்பு. இரண்டும் எனக்கு ஆகாது.

மார்ச் 12, செவ்வாய்

வெற்றியரசு என்று எனக்குப் பெயர் வைத்தவர் அப்பா. பெயரில் இருப்பது இன்னும் கணக்கில் வரவில்லை. அவரும் செங்கோடன் என்ற பெயரைச் செம்பியன் என்று மாற்றிக்கொண்டவர்தான். மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றார். எழுபத்தாறு வயதிலும் கறுப்புச் சட்டை. ஐயரும் தாலியும் இல்லாமல், வேண்டுமென்றே ராகு காலம் பார்த்து அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டவர். ஊரில் எத்தனையோ பேர் கல்யாணத்தையும் அதேபோல் முன்னின்று நடத்தி வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் தொங்குவது யூனியன் காலண்டர். அதில் தேதி உண்டு, கிழமை உண்டு, போனஸ் கோரிக்கை உண்டு. வேறு எதுவும் கிடையாது.

ரேணுகா வீட்டில் பல்லி கத்தினால்கூடப் பலன் பார்ப்பார்கள். கல்யாணமான புதிதில் அவள் ஒரு தினசரிக் காலண்டர் வாங்கிவந்து மாட்டினாள். அப்பா ஒவ்வொரு நாளும் தாளைக் கிழித்து மூக்குக்கண்ணாடி துடைத்தார். அடுத்த வருடம் அவள் வாங்கவில்லை.

இன்றும் நஷ்டம்தான். எழுதவே அலுப்பாக இருக்கிறது.

மார்ச் 15, வெள்ளி

மூட்டுவலி என்று மாடிப்பக்கமே வராத அப்பா இன்று படியேறி வந்தார். திரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"செவப்புன்னா நட்டமா?"

"ஆமாங்கப்பா."

"எல்லாமே செவப்பாத்தான் இருக்குது."

"இப்பத்தானுங்க ஆரம்பம். போகப்போகச் சரியாயிடுங்க."

"ராஜ்கோட்டு எவ்வளவு தூரம்?"

"ரயில்ல ரெண்டு நாளுங்க."

அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். சாயங்காலம் இன்வெர்ட்டரில் ஏதோ கோளாறு என்று சொல்லிப் பிரித்துப் போட்டார். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் மின்வாரியத்து ஆளிடம் இதைச் சொல்ல முடியுமா? வயதான காலத்தில் கைக்கு ஒரு வேலை இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 19, செவ்வாய்

மூன்று மணிக்குக் கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டர் இன்னும் பிரித்தபடியே கிடக்கிறது. பெட்டி, இணையம், மின்விசிறி மூன்றும் அவுட். நான் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலரைக்கு வந்தது.

மார்ச் 20, புதன்

இன்று உச்சிப் பொழுதில் போனது. கீழே எட்டிப்பார்த்து, "கீழயும் இல்லீங்களாப்பா?" என்று கேட்டேன். "ஊருக்கே இல்லடா. எங்க காலத்துல இப்படியா இருந்துச்சு?" என்றார். எதிர்வீட்டில் டிவி ஓடும் சத்தம் கேட்டது. அவர்களுக்கு வேறு லைன் போலிருக்கிறது.

மார்ச் 22, வெள்ளி

சந்தை திறந்து சூடுபிடிக்கிற நேரத்தில், பத்தரைக்குப் போய்விட்டது. பொறுமை போய் மின்வாரியத்துக்குப் புகார் எழுதினேன். அப்பாவே வாங்கிப் படித்து இரண்டு இடத்தில் திருத்தினார். 'அடிக்கடி' என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு 'அவ்வப்போது' என்று போட்டார். பழைய பாசம் விடவில்லை பாருங்கள்.

மார்ச் 25, திங்கள்

இன்று கரண்ட் போகவில்லை. போன திங்களும் போகவில்லை. பெட்டி நாள் முழுக்க ஓடி நிம்மதியாக நஷ்டப்பட்டது.

ஏப்ரல் 2, செவ்வாய்

புகாரைப் பார்த்துவிட்டு லைன்மேன் தங்கவேலு வந்தார். அப்பாவிடம் வேலை கற்றவர். அதனால் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். கம்பத்தைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார். கடைசியில் மெயின் பெட்டியைத் திறந்து ப்யூஸ் கட்டையை உருவிப் பார்த்தார்.

"சார், லைன்ல ஒரு கொறையும் இல்லீங்க. இந்தக் கட்டதானுங்க தேஞ்சு போயிருக்குது. யாரோ தெனமும் கழட்டிக் கழட்டி மாட்டுனாப்ல..."

"டேய் தங்கவேலு, டீ ஆறுது. வந்து குடி" என்றார் அப்பா உள்ளேயிருந்து.

தங்கவேலு அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். டீயைக் குடித்துவிட்டு, "வெயில் காலமுங்க, அப்படித்தானுங்க போவும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இப்படிப்பட்ட ஊழியர்களை வைத்துக்கொண்டு நாடு எப்படி முன்னேறும்?

ஏப்ரல் 12, வெள்ளி

லாபம்! இந்த வாரமும் லாபம், போன வாரமும் லாபம். மூன்று வருட உழைப்பு வீண் போகவில்லை. சந்தையின் போக்கை என் கணக்கு பிடித்துவிட்டது. ரேணுகாவுக்குப் பரோட்டா வாங்கிவந்தேன்.

"அப்ப ராஜ்கோட்டு இல்லீங்களா?" என்று கேட்டாள்.

"ராஜ்கோட்டாவது ஒண்ணாவது. அவங்க வந்து எங்கிட்டப் படிச்சுட்டுப் போகட்டும்."

அப்பா வழக்கத்தைவிட ஒரு பரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஏப்ரல் 26, வெள்ளி

பொறியாளனுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஓடுகிற இயந்திரத்தையும் பிரித்துப் பார்ப்பான். இந்தக் குணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்வெர்ட்டரைப் பார்த்தாலே தெரியும்.

சேமித்து வைத்திருந்த விலைகளை எடுத்து, நடுவில் கரண்ட் போகாமலே இருந்திருந்தால் என் பெட்டி என்ன செய்திருக்கும் என்று ஓட்டிப் பார்த்தேன். நஷ்டம். நல்ல கனமான நஷ்டம். கரண்ட் போன நேரங்களில்தான் அது தப்புத் தப்பாக வாங்கியிருக்கும். கரண்ட் இல்லாததால் வாங்கவில்லை, பிழைத்தது. மூன்று வருடம் கண்விழித்து நான் செய்த இயந்திரத்தின் ஆகச் சிறந்த திறமை, ஓடாமல் இருப்பது.

பரோட்டாவை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மே 3, வெள்ளி

இரண்டு நாளாக யோசித்து ஒரு கோட்பாட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். கரண்ட் போகிற நேரங்களை வரைபடமாகப் போட்டேன். கன்னாபின்னாவென்று போகவில்லை, செவ்வாய்க்கு ஒரு நேரம், புதனுக்கு ஒரு நேரம், வியாழனுக்கு ஒரு நேரம், வெள்ளிக்கு ஒரு நேரம். ஒவ்வொரு வாரமும் அச்சுப்பிசகாமல் அதே நேரம். திங்கட்கிழமை மட்டும் கிடையாது. அதாவது: மண்டிகளில் வியாபாரம் சூடாகும் நேரத்தில் அரவை மில்கள் எல்லாம் ஒன்றாக ஓடுகின்றன, மின்சுமை ஏறுகிறது, கரண்ட் போகிறது. அதே நேரத்தில்தான் கூட்டத்தில் விலையும் தாறுமாறாக ஆடுகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே!

'ஈரோட்டு மின்சுமையும் மஞ்சள் விலையும்' என்று தலைப்புப் போட்டுப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டேன். திங்கட்கிழமை மில்லுக்கு விடுமுறையா என்று மட்டும் விசாரிக்க வேண்டும்.

மே 13, திங்கள்

என் வாழ்க்கையில் நான் முட்டாளான நாட்கள் பல. இன்றைக்கு ஆனதற்கு ஈடு இல்லை.

சடையப்பண்ணன் மண்டிக்குப் போனேன். நெற்றி நிறைய விபூதி, மேசைமேல் திரை, திரைமேல் ஒரு முழம் பூ. காப்பி வரவழைத்தார். நான் கோட்பாட்டை விளக்கி, வரைபடத்தை விரித்து வைத்தேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இதென்னுங்க தம்பி, செவ்வாய்க்கெழம மூணு, நாலரை?"

"அந்த நேரத்துல மெஷினை நிறுத்தினா லாபம் வருதுங்கண்ணா. பொதன்கெழம பன்னண்டுல இருந்து ஒண்ணரை. வியாழன் ஒண்ணரைல இருந்து மூணு. வெள்ளிக்கெழம..."

"பத்தரைல இருந்து பன்னண்டு."

"உங்களுக்கு எப்படிங்கண்ணா தெரியும்?"

அவர் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த தினசரிக் காலண்டரைக் கழற்றி என் வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஜவுளிக்கடை ஒன்று இலவசமாகக் கொடுத்த காலண்டர். அட்டையின் அடியில் ஏழு நாளுக்கும் வரிசையாக அச்சிட்டிருந்தது. ராகு காலம். திங்கட்கிழமைக்கு ஏழரையிலிருந்து ஒன்பது, சந்தை திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

எழுதப் படிக்கத் தெரிந்த தமிழ்நாட்டில், இந்த அட்டவணையைப் பார்த்ததும் அடையாளம் தெரியாத ஒரே பொறியாளன் நானாகத்தான் இருப்பேன். ராகு காலத்தில் பிறந்த குடும்பம் என்று மார்தட்டத் தெரியும், அது எத்தனை மணிக்கு வரும் என்று தெரியாது.

"கறுப்புச் சட்டைக்காரரு பையன், இதெல்லாம் பாக்க மாட்டீங்கன்னுல்ல நெனச்சேன்!" சடையப்பண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இத மொதல்லயே சொல்லியிருந்தா அன்னைக்கே பேசி முடிச்சிருப்பனே தம்பி. அந்த நேரத்துல நாங்க எந்தக் காலத்துலீங்க ஏவாரம் பண்ணோம்?"

"அண்ணா, இது தற்செயல்ங்க. ரெண்டு மாசக் கணக்க வெச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. அடுத்த ரெண்டு மாசம் தலைகீழா வரலாம்."

"வரட்டுமுங்க. நட்டம்னு தெரிஞ்சா உங்க பெட்டி அதுபாட்டுக்கு வித்துட்டு உக்காந்துக்குது. எம்பட பசங்க வீம்புக்குப் புடிச்சு வெச்சிருந்து மண்டியவே கவுத்துப் போடறானுங்க. எனக்கு அதுக்குத்தான் வேணுமுங்க. இந்த ராகு காலத்தையும் உள்ளார எழுதிப் போட்டுக் குடுங்க, முடிச்சுக்கலாம்."

"அத மட்டும் எழுத மாட்டனுங்க."

"அப்படின்னா எனக்கு வேண்டாமுங்க தம்பி" என்று மரியாதையாகவே சொன்னார். "மே முடிய நாளிருக்குது. யோசிச்சுச் சொல்லுங்க."

வண்டியை ஓட்டிக்கொண்டு வரும்போது தலைநிமிர்ந்துதான் வந்தேன். ராஜ்கோட்டுக்கே போனாலும் போவேன், என் கையால் ராகு காலம் எழுத மாட்டேன். அப்பாவுக்குத் தெரிந்தால் பெருமைப்படுவார். பாதி வழியில்தான் உறைத்தது. கரண்டுக்கு யார் பஞ்சாங்கம் கற்றுக்கொடுத்தது?

ரேணுகா சங்கத்திலிருந்து வந்ததும் நேராகவே கேட்டேன். "நீதான் நிறுத்தறியா?"

கைப்பையை வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "ஏனுங்க, மத்தியானம் மூணு மணிக்கு நான் சங்கத்துல கவுண்டர்ல உக்காந்திருக்கறேன். பறந்து வந்து நிறுத்திட்டுப் போறனாக்கும்? பகல்ல வீட்டுல உங்களத் தவுத்து வேற யாரு இருக்காங்கன்னு எஞ்சினீயரு கணக்குப் போட்டுப் பாருங்க."

கணக்குப் போட்டேன். விடை தவறு என்று மறுபடியும் போட்டேன்.

மே 14, செவ்வாய்

மூன்று மணிக்குச் சற்று முன்னால் செருப்பில்லாமல் படியில் இறங்கி, திருப்பத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அப்பா நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காலண்டர் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. அத்தனை கல்யாணத்தை ராகு காலத்தில் நடத்தி வைத்தவருக்கு மனப்பாடம் இல்லாமலா இருக்கும்? முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மெயின் பெட்டிக்குக் கீழே முக்காலியை இழுத்துப் போட்டார். ஏறுவதற்கு இரண்டு முறை முயன்றார். ப்யூஸ் கட்டையை உருவிக் கறுப்புச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இறங்கி, மறுபடியும் வந்து உட்கார்ந்தார்.

மின்விசிறி மெதுவாக நின்றது. மே மாத ஈரோடு. பேப்பரை மடித்து விசிறிக்கொண்டார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஒருமுறை எழுந்துபோய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு குடித்தார். நாலரை ஆகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். நானும் உட்கார்ந்திருந்தேன். மார்ச்சிலிருந்து வாரத்துக்கு நான்கு நாள் இப்படி உட்கார்ந்திருக்கிறார். மாடியில் நான் மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கட்டையை மாட்டிவிட்டு அவர் இறங்குவதற்குள் சத்தமில்லாமல் மேலே வந்துவிட்டேன்.

மே 15, புதன்

அம்மா இறந்தபோது எனக்குப் பதினொரு வயது. கூடத்தில் உட்கார்ந்து சொந்தக்காரர்கள் பேசினார்கள்: ராகு காலத்துல கட்டுனது, நிக்குமா? அப்பா அவர்களைப் பார்த்துச் சிரித்தார். அன்றிலிருந்து பகுத்தறிவு என்றால் அந்தச் சிரிப்புத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே அது அவரை என்ன செய்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இன்றும் கேட்கவில்லை. உச்சிப் பொழுதில் கரண்ட் போனது. "என்னங்கப்பா, மறுபடியும் போச்சுங்களா?" என்று மேலேயிருந்து கத்தினேன். "ஆமாடா, இவனுக திருந்த மாட்டானுக" என்று பதில் வந்தது.

மே 20, திங்கள்

எழுதிவிட்டேன். ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை. நான் எழுதிய நிரலிலேயே பிழையில்லாமல் முதல் தடவையில் ஓடியது இதுதான், அந்த எரிச்சல் வேறு. கிழமைக்கு ஒன்றாக நேரங்களைக் கொடுத்து, அந்த நேரத்தில் பெட்டி எதையும் வாங்காமல் சும்மா இருக்கும்படி செய்தேன். அந்தப் பகுதிக்கு 'ஓய்வு' என்று பெயர் வைத்தேன். ராகுவின் பெயரை எழுதவில்லை. அவ்வளவாவது மிச்சம் இருக்கட்டும்.

சடையப்பண்ணனிடம் போனில் சொன்னேன். நல்ல நேரம் பார்த்து வந்து மாட்டிவிடச் சொன்னார். லாபத்துக்கு நான் பொறுப்பில்லை என்று மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் சிரித்தார்.

மே 21, செவ்வாய்

மூன்று மணிக்குச் சற்று முன்னால், "அப்பா, ஒரு நிமிசம் மேல வர்றீங்களா?" என்று கூப்பிட்டேன்.

"இப்பவா? எனக்கு வேலையிருக்குது."

"ஒரே நிமிசமுங்க."

வந்தார். மூச்சு வாங்கியது. நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. கண் கைக்கடிகாரத்திலேயே இருந்தது. மூன்றானதும் திரையில் எண்களெல்லாம் சாம்பல் நிறமாகி, 'ஓய்வு' என்று வந்தது.

"என்றா இது, நின்னு போச்சு?"

"மெஷினு சூடாயிடுதுங்கப்பா. கொஞ்ச நேரம் ஓய்வு குடுக்கற மாதிரி எழுதிட்டனுங்க. செவ்வாய்க்கெழம இந்த நேரம். நாளைக்கு வேற நேரம்."

அவர் திரையைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"திங்கக்கெழம?"

"திங்கக்கெழம வேண்டியதில்லீங்க."

அவர் சட்டைப் பையில் கைவிட்டுப் ப்யூஸ் வயர் சுற்றிய ஒரு புதுக் கட்டையை எடுத்து என் மேசையில் வைத்தார். "பழசு தேஞ்சிருச்சு. மாத்தலாம்னு வாங்கி வெச்சிருந்தேன். நீயே மாட்டிரு. எனக்கு முக்காலி ஏற முடியறதில்ல."

"சரிங்கப்பா."

வாசற்படிவரை போனவர் நின்றார். திரும்பவில்லை.

"எனக்குன்னா நான் பாக்க மாட்டேன்டா" என்றார்.

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுதிவைப்பதில் என்ன இருக்கிறது, வேறு யார் படிக்கப்போகிறார்கள்.

மே 22, புதன்

இன்வெர்ட்டர் சரியாகிவிட்டது. என்ன கோளாறு என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, ஒரு வயரு விட்டுப் போயிருந்துச்சு" என்றார். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக மின்வாரியத்துக்கு எழுதினேன். அப்பா திருத்தம் எதுவும் போடவில்லை.

மே 24, வெள்ளி

சங்கத்து வேலையை விட வேண்டியதில்லை என்றதும் ரேணுகா நேற்றே பாதி பேருக்குப் போன் செய்துவிட்டாள். மீதிப் பேருக்கு இன்று செய்வாள்.

காலையில் பெட்டி ஓய்வுக்குப் போனதும் கீழே எட்டிப் பார்த்தேன். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா அதற்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பரைப் பறக்கவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படித்தார்.

மேலே வந்து ராஜ்கோட்டுக்காரர்களுக்கு, மன்னிக்கவும், வர இயலாது என்று எழுதினேன். ஒரு தடவை படித்துப் பார்த்தேன், பிழையில்லை. அனுப்பப் போனவன் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றே கால்.

அப்படியென்ன அவசரம், சாப்பிட்டுவிட்டு வந்து அனுப்பிக்கொள்ளலாம் என்று கீழே இறங்கிப் போனேன். பசி ஒன்றும் இல்லை.